வண்டி கட்டிப் போன கொட்டகை: ரொம்பத் தாமதமாக ஒரு விமர்சனம்

மதுரையில் மூடிப்போன தியேட்டர் என்று பேச்செடுத்தால் எல்லோரும் தங்கம் தியேட்டரில் போய்த்தான் நிற்பார்கள். நிற்கட்டும், தப்பில்லை. 1952 தீபாவளிக்குப் பராசக்தியோடு திறந்த தியேட்டர், 2,563 இருக்கை, ஆசியாவிலேயே பெரிசு என்று ஊரே மார்தட்டிய இடம், இப்போது மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் அந்த இடத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது. சென்னைக்காரர்களைக் கேட்டால் ஈசிஆரில் இருந்த பிரார்த்தனா டிரைவ்-இன் கதையைச் சொல்வார்கள், கடல்காற்றில் காரை நிறுத்திவிட்டு டிக்கியைத் திறந்துபோட்டு உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்த கதை. இரண்டுக்கும் எழுத ஆள் இருக்கிறது. நான் எழுதப்போவது சோழவந்தானுக்கும் வாடிப்பட்டிக்கும் நடுவில், ரயில் ரோட்டுக்கு இந்தப் பக்கம், கண்மாய்க்கரையை ஒட்டி இருந்த ஒரு கீற்றுக் கொட்டகையைப் பற்றி. பேரைப் போடவில்லை. குறை நிறையச் சொல்லப் போகிறேன், முதலாளி குடும்பம் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறது, நல்லது கெட்டது என்றால் நான் அந்தப் பக்கம் போய்வர வேண்டும்.

கீற்றுக் கொட்டகையைக் கொண்டுபோய் டிரைவ்-இன்னோடு ஏன் சேர்க்கிறாய் என்று கேட்கலாம். அமெரிக்காவில் நியூஜெர்சி பக்கம் 1933-இல் ஒருவர் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற மாதிரி ஒரு தியேட்டர் திறந்தார், அதுதான் முதல் டிரைவ்-இன் என்பார்கள். எங்கள் கொட்டகைக்கும் சனம் வண்டியில்தான் வந்தது, என்ன, இழுத்தது மாடு. கொட்டகைக்குத் தெற்கே ஒரு களம் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டிகள் வரிசையாக நிற்கும், மாட்டை அவிழ்த்துச் சக்கரத்தில் கட்டி, முன்னால் ஒரு கத்தை வைக்கோலைப் போட்டுவிட்டு, பாட்டி பேத்தி பெண்டு பிள்ளை எல்லாம் இறங்கி உள்ளே போகும். நிறுத்துவதற்குக் காசு கிடையாது. சைக்கிளுக்குத்தான் காசு, அதற்கு ஒரு தகர டோக்கன் தருவார்கள். சைக்கிளுக்குக் காசு வாங்கிவிட்டு மாட்டு வண்டியை எப்படிச் சும்மா விட்டார் என்று அப்போது எனக்கும் புரியவில்லை. ஒரு வண்டியில் எட்டுப் பேர் வந்தால் எட்டு டிக்கெட், அதுதான் கணக்கு என்று பின்னால் புரிந்தது.

இன்னொரு கூட்டமும் அந்தக் களத்துக்கு வரும். அலங்காநல்லூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற வண்டிகள். அரவைக் காலத்தில் ராத்திரியில்தான் அதிகம் போவார்கள், வெயில் இல்லாமல் மாடு நடக்கும் என்று. ஆலை வாசலில் எப்படியும் விடிய விடியக் காத்துக் கிடக்க வேண்டும் என்பதால் பத்து மணி ஆட்டத்துக்கு இங்கே வண்டியை விட்டுவிட்டு உள்ளே வந்து உட்காருவார்கள். அவர்கள் படம் பார்க்கிற நேரத்தில் எங்கள் வயசுப் பையன்கள் வண்டியில் கரும்பு உருவுவோம் என்பது அவர்களுக்கும் தெரியும், வாசலில் டிக்கெட் கிழிக்கிறவருக்கும் தெரியும். ஒரு வண்டிக்கு ரெண்டு கரும்பு வரை யாரும் கண்டுகொள்வதில்லை. இப்போது அந்த ஆலையும் அரவை இல்லாமல் கிடக்கிறது.

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன்.

நேரம். டிரைவ்-இன்னுக்கும் கொட்டகைக்கும் ஒரே விதிதான், இருட்டாமல் படம் ஓட்ட முடியாது. அங்கே வானம் திறந்து கிடக்கிறது என்றால் இங்கே சுற்றிவர இடுப்பளவு மண்சுவரும் அதற்கு மேல் தட்டியும்தான், தட்டியில் பாதி பிய்ந்து கிடக்கும், பகலில் திரை வெறும் வெள்ளை வேட்டிதான். அதனால் ரெண்டே ஆட்டம். ஏழு மணி சுமாருக்கு ஒன்று, பத்துக்கு மேல் ஒன்று. கூரைக்கு மேலே கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ஆறு மணிக்குச் சீர்காழி கோவிந்தராஜன் பக்திப் பாட்டு போடுவார்கள், சுத்துப்பட்டில் நாலு ஊருக்குக் கேட்கும். அதிலிருந்து மூன்றாவதோ நாலாவதோ பாட்டுக்குள் டிக்கெட் கொடுக்க ஆரம்பிப்பார்கள், எந்தப் பாட்டில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும் என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. எங்கள் அப்பத்தா கடிகாரம் பார்க்கத் தெரியாதவள், அவள் உலை வைத்தது இறக்கியது எல்லாம் அந்தக் குழாயை வைத்துத்தான். படம் இல்லாத நாளில் சோறு குழைந்துபோகும்.

இதில் நான் மெச்சுகிற விஷயம் ஒன்று உண்டு. பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டு நடவு ஆரம்பித்துவிட்டால் பெண்கள் வயலிலிருந்து வீடு திரும்ப நேரமாகும், அப்புறம் அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைகளுக்குப் போட்டு, தலையை வாரிக்கொண்டு கிளம்ப வேண்டும். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகப் பாசனம், நாங்கள் அதற்குள் இருக்கிறோம், ஆக வருஷத்தில் இரண்டு முறை இந்தக் கதை. அந்த நாட்களில் முதலாளி முதல் ஆட்டத்தை அரைமணி தள்ளி வைப்பார். போர்டு எல்லாம் வைப்பதில்லை, பாட்டு தாமதமாக ஆரம்பிக்கும், அவ்வளவுதான், எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாடிப்பட்டியிலிருந்து வருகிற டவுன் பஸ் வந்து சேராமல் படம் போட மாட்டார். நான் இப்போது போகிற மல்டிபிளெக்ஸில் 6.40 என்றால் 6.40, அதற்கப்புறம் இருபது நிமிஷம் விளம்பரம் ஓடுகிறது என்பது வேறு விஷயம். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

இருக்கை. தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு. தரை டிக்கெட் எனக்கு நினைவு தெரிந்தபோது முப்பது காசு, பிறகு ஐம்பது. வைகை ஆற்று மணலைக் கொட்டி நிரவிய தரை, புதிதாகக் கொட்டிய ஒரு மாசம் நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு வெற்றிலை எச்சில், பீடித் துண்டு, கடலைத் தோல், பிள்ளைகள் போன மூத்திரம் எல்லாம் சேர்ந்து ஒரு வாடை வரும், சோழவந்தான் பக்கம் என்பதால் வெற்றிலைக்குப் பஞ்சமில்லை, கொடிக்காலில் வேலை பார்க்கிறவர்கள் மடியிலேயே ஒரு கவுளி, அதாவது ஒரு கட்டு வெற்றிலை இருக்கும். உட்காரும்போது ஈர இடம் எது என்று முதலில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தால் பின்னால் இருப்பவன் அதைவிட உயரமாகக் குவிப்பான், அவனுக்குப் பின்னால் இருப்பவன் சண்டைக்கு வருவான். நடுவில் கூரையைத் தாங்குகிற பனைமரத் தூண்கள் வேறு. எந்தத் தூணுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தால் முழுத்திரையும் தெரியும் என்று பழகியவர்களுக்குத் தெரியும், வெளியூரிலிருந்து விருந்தாளியாக வந்தவன் பாவம், கதாநாயகியைப் பார்க்காமலேயே படம் முடிந்துவிடும்.

பெஞ்சு பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. மூட்டைப்பூச்சி. சேர் டிக்கெட்டில் ஊர்ப் பெரிய மனிதர்களும் வாத்தியார்களும் உட்காருவார்கள், அங்கேயும் மூட்டைப்பூச்சிதான், ஆனால் அவர்கள் சொறியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

தரையில் படுத்துக்கொண்டு பார்க்கலாம் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்ட உடம்பு, அதை முதுகு நேராக ரெண்டரை மணி நேரம் உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார்கள், பாதிப் படத்தில் தூங்கினார்கள், பாட்டு வந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுப்பிவிடுவார். இன்றைக்குச் சாய்வு சீட் என்று தனி ரேட் போட்டு விற்கிறார்கள், அதைவிடத் தரைதான் எனக்குப் பிடித்திருந்தது, ஈரம் இல்லாத இடமாக இருந்தால்.

படம் தெரிந்த லட்சணம். இதில் இரக்கம் காட்ட முடியாது, மோசம். சினிமா வியாபாரத்தில் எங்கள் பக்கம் எம்.ஆர். ஏரியா, அதாவது மதுரை ராமநாதபுரம். படம் முதலில் மதுரை டவுனில் ஓடி, பிறகு திருமங்கலம் உசிலம்பட்டி மாதிரி ஊர்களில் ஓடி, ஏ சென்டர் பி சென்டர் எல்லாம் பார்த்து முடித்த பிறகு சி சென்டர் என்று எங்களுக்கு வரும். அதற்குள் அந்தப் பிரிண்ட் எத்தனை மெஷினில் ஏறி இறங்கியிருக்கும்! பிலிம் முழுக்கக் கீறல், திரையில் ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் மழை பெய்கிற மாதிரி கோடு ஓடும், வெயிலில் டூயட் பாடினாலும் மழைதான். அறுந்து ஒட்டின இடத்தில் வசனம் தாவும். ஒரு படத்தில் கோர்ட் சீனில் வக்கீல் வாயைத் திறந்தார், அடுத்த நொடி தீர்ப்பே முடிந்துபோயிருந்தது. நல்ல பாட்டு ஒன்று காணாமல் போயிருக்கும், முந்தைய ஊர் ஆப்ரேட்டர் யாரோ வெட்டி வைத்துக்கொண்டிருப்பார், அதைக் கேட்டு விசில் அடித்துக் கலாட்டா செய்து பிரயோஜனமில்லை, ஆனாலும் செய்வோம்.

மெஷின் ஒன்றே ஒன்று. ஊர்ப்புறக் கொட்டகைகளில் பெரும்பாலும் அப்படித்தான். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிஷம் ஓடும், நாலைந்தை ஒட்டிச் சுற்றி மாட்டினாலும் தீர்ந்ததும் நிறுத்தி, விளக்கைப் போட்டு, அடுத்த சுற்றை மாட்டித்தான் ஆக வேண்டும், இரண்டு மெஷின் இருக்கிற டவுன் தியேட்டரில் ஒன்று முடிகிறபோது இன்னொன்று பிடித்துக்கொள்ளும். அதனால் டவுனில் ஒரு இடைவேளை என்றால் எங்களுக்கு மூன்று. வில்லன் கத்தியை ஓங்கும்போது விளக்கு எரியும். முறுக்கு வியாபாரிக்கு இதில் வருத்தமே கிடையாது. கரண்ட் போனால் ஆயில் எஞ்சினை ஓட்டுவார்கள், அது சூடாகி முழுவேகம் எடுக்கிற வரைக்கும் திரையில் எல்லோரும் சாவகாசமாக நடப்பார்கள்.

மெஷினுக்குள் பல்பு இல்லை, கார்பன் குச்சி. செம்பு பூசிய இரண்டு குச்சிகள் நுனியோடு நுனி நெருங்கி நின்று எரிகிற வெளிச்சம்தான் படமாக வருகிறது. எரிய எரிய குச்சி தேயும், இடைவெளி கூடும், படம் மங்கும். ஆப்ரேட்டர் அண்ணன் பக்கத்திலேயே நின்று திருகிக்கொண்டே இருந்தால்தான் ஒரே வெளிச்சம் நிற்கும். அவர் பீடி குடிக்க வெளியே போய்விட்டால் திரை செம்மண் நிறமாகும், உடனே கொட்டகை முழுக்க விசில், அவர் ஓடிவந்து திருகுவார். படம் ஓட்டுகிற வேலை எவ்வளவு பெரிய உடல் உழைப்பு என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது, அந்தத் தகர அறைக்குள் சித்திரை மாசத்தில் அவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, வெறும் உடம்போடு நிற்பார். ரெண்டு குச்சியும் தேய்ந்த பிறகு மிஞ்சுகிற கட்டையை எங்களுக்குக் கொடுப்பார், சுவரில் கோடு போட நன்றாக இருக்கும். இதெல்லாம் போக, ஒரே பிரிண்டை எங்கள் கொட்டகையும் நாலு மைல் தள்ளி இன்னொரு கொட்டகையும் பங்கு போட்டு ஓட்டிய படங்களும் உண்டு. அங்கே ஓடி முடிந்த ரீலை ஒருவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். அவர் சைக்கிள் பஞ்சர் ஆன ராத்திரி பிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீலையே மறுபடி போட்டார்கள். அணை திறப்பு விழாவை இரண்டாவது முறையும் கைதட்டிப் பார்த்தோம், வேறு என்ன செய்ய.

சத்தம். குழாய் ஸ்பீக்கரில் வசனம் கேட்பது அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிறவனைக் கேட்கிற மாதிரி இருக்கும். பாட்டு பரவாயில்லை, ஏற்கெனவே மனப்பாடம். வசனம்தான் பிரச்சினை, அதிலும் ரயில் ரோடு பக்கத்தில். மதுரை திண்டுக்கல் லைனில் சென்னைக்குப் போகிற ராத்திரி வண்டி கடக்கும்போது ஒரு நிமிஷம் எதுவும் கேட்காது, கூட்ஸ் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஏற்கெனவே பார்த்தவர்கள் அந்த இடத்து வசனத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தமாகச் சொல்வார்கள். எங்கள் சித்தப்பா அதில் கெட்டிக்காரர், படத்தில் இருப்பதைவிட நன்றாகச் சொல்வார், பிறகு டவுனில் அதே படத்தைப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

தீனிக்கு முழு மார்க். ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தாலும் இங்கே வந்தால் பசிக்கும். கைமுறுக்கு, அவித்த கடலை, பட்டாணிச் சுண்டல், தேங்காய்ப் பன், கோலி சோடா, கலர். கலரில் பவண்டோவுக்குத்தான் மவுசு, அதை வாங்கிக் குடிப்பவனைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். முறுக்கு விற்கிறவர் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிற ஆட்களுக்கு நடுவில் இருட்டில் கால் வைத்து நடப்பார், ஒருத்தரையும் மிதித்ததில்லை. விலை வெளியே கடையில் என்னவோ அதேதான். இன்றைக்கு ஒரு பாப்கார்ன் விலையில் அன்றைக்கு ஒரு வண்டிச் சனம் படம் பார்த்தது என்று நான் சொன்னால் பணத்தின் மதிப்பு மாறிவிட்டது என்று என் மகன் கணக்குப் போட்டுக் காட்டுவான், சரி, மாறிவிட்டது, ஆனால் உள்ளே ஒரு விலை வெளியே ஒரு விலை என்பது பணமதிப்பு இல்லையே, அது வேற சமாச்சாரம். வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோற்றை யாரும் வாசலில் பிடுங்கி வைத்ததும் இல்லை.

இனி கசப்பான பகுதி. கீற்றுக் கொட்டகையைப் பற்றி உருகி உருகி எழுதுகிற ஆண்கள் யாரும் இதை எழுதுவதில்லை.

பெண்களுக்குத் தனி வழி, தனித் தரை, நடுவில் ஒரு குட்டைச்சுவர். ஒரே வண்டியில் வந்த புருஷன் பெண்டாட்டி வாசலில் பிரிந்துபோய் ஆளுக்கொரு பக்கம் உட்காருவார்கள், எங்களை மாதிரிப் பையன்கள் சுவர் ஏறிக் குதித்து இந்தப் பக்க முறுக்கை அந்தப் பக்கமும் அந்தப் பக்கச் சேதியை இந்தப் பக்கமும் கொண்டுபோவோம். அது கூடப் போகட்டும், அந்தக் காலம். ஆனால் இத்தனை வருஷம் நடந்த கொட்டகையில் பெண்களுக்கு ஒரு கழிப்பிடம் கட்டவில்லை. ஆண்களுக்கு மேற்குப் பக்கம் ஒரு தட்டி மறைப்பு இருந்தது. பெண்கள் இடைவேளையில் ஐந்தாறு பேராகச் சேர்ந்து கண்மாய்க்கரை இருட்டுக்குப் போவார்கள், திரும்பி வருவதற்குள் படம் ஆரம்பித்திருக்கும். பாம்பு பயம், ஆள் பயம். எங்கள் அக்கா மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புவாள், மதினிகளும் அப்படித்தான். மூன்று இடைவேளை விட்ட கொட்டகையில் அவர்களுக்கு ஒன்றும் உபயோகமில்லை. இதற்கு நட்சத்திரம் கிடையாது, பூஜ்யம்தான்.

இன்னொன்று. டிக்கெட் எல்லோருக்கும் ஒரே விலைதான், தரையில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றுதான் பேச்சு. ஆனால் காலனியிலிருந்து வருகிறவர்கள் வடக்கு ஓரமாகவே உட்கார்ந்தார்கள். யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை. டவுனில் தங்கத்திலோ சென்ட்ரலிலோ போய்ப் பார்த்தால் பக்கத்தில் யார் என்று தெரியாது, அதனால் பிரச்சினை இல்லை, இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். சினிமாக் கொட்டகைதான் சாதியை உடைத்தது என்று மேடையில் பேசுகிறார்கள், கொஞ்சம் உடைத்தது, எங்கள் ஊரில் வடக்கு ஓரம் வரைக்கும்.

பாதுகாப்பு. 1979-இல் தூத்துக்குடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்துப் பல பேர் செத்துப்போனார்கள், அதில் பெண்களும் பிள்ளைகளும் நிறைய. அந்தச் செய்தி வந்த பிறகு எங்கள் அப்பா வாசலுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால்தான் எங்களை உட்காரவிடுவார், மேலே கீற்று, கீழே ஒவ்வொரு கையிலும் பீடி, யோசித்துப் பார்த்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் கொட்டகையில் வாளியில் மணலும் ரெண்டு சிவப்பு வாளியில் தண்ணீரும் தொங்கும். தண்ணீர் வாளியில் கொசு முட்டையிட்டிருக்கும். அதிகாரி வருகிறார் என்றால் புதுத் தண்ணீர். பிறகு கீற்றை எடுத்துவிட்டுத் தகரம் போட்டார்கள், தீ பயம் போயிற்று, மழை பெய்தால் ஒரு எழுத்துக்கூடக் கேட்காமல் போயிற்று.

மழை என்றதும் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் இந்தக் கொட்டகைக்குக் கொடுக்கிற மார்க்கில் பாதி இதற்குத்தான். கீற்று இருந்த காலத்தில் ஐப்பசி மழை வந்தால் ஒழுகும், திரையே நனைந்து படத்தை நிறுத்த வேண்டியிருக்கும். பாதிப் படத்தில் நின்றால் முதலாளி வாசலில் அரிக்கேன் விளக்கோடு நின்று, கிழித்த டிக்கெட்டின் மறுபாதியில் தன் கையாலேயே ஒரு கிறுக்கல் போட்டுத் தருவார். அதைக் கொண்டுவந்தால் மறுநாள் உள்ளே விடுவார்கள், மறுநாள் படம் மாறிப்போயிருந்தாலும் விடுவார்கள். டிக்கெட் தொலைந்துபோனவனையும் முகத்தைப் பார்த்து விடுவார், நேற்று நீ தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாயே என்பார். அவருக்கு இது தர்மம் இல்லை, வியாபாரம். வருகிறவர்கள் இந்த ஏழெட்டு ஊர்ச் சனம்தான், வேறு யாரும் வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும், அறுவடை முடிந்து கையில் காசு புரளும்போது புதுசாக ஏதாவது படம் எடுத்துப் போடுவார், ஆடியில் காசு இல்லாத நாளில் பழைய சாமி படம். இன்றைக்கு ஆன்லைனில் டிக்கெட் எடுத்தேன், கரண்ட் கோளாறு என்று ஆட்டத்தை நிறுத்தினார்கள், பணம் திரும்ப வர எத்தனை மெயில் அனுப்ப வேண்டியிருந்தது என்று கேட்காதீர்கள், எந்தத் தியேட்டர் என்றும் கேட்காதீர்கள். அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் முடிவு எடுக்கிற ஆள் யாரும் அந்தக் கட்டிடத்திலேயே இல்லை.

மூடின கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். டூரிங் சினிமா என்பது அடிப்படையில் இடம் மாறுகிற தொழில். 1905-இல் திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் மெஷினை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினாரே, அந்த வழி வந்தது. அதனால் உரிமமும் தற்காலிக உரிமம்தான், காலம் முடிந்தால் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி வாங்கிக் கட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் செலவு. கூட்டம் இருந்த வரைக்கும் தாங்கியது. முதலில் உயரமான ஆன்டெனா கட்டி இலங்கை ரூபவாகினி பார்க்க ஆரம்பித்தார்கள். 80-களின் கடைசியில் கொடைக்கானல் மலையிலிருந்து தூர்தர்ஷன் தெளிவாக வந்தது, ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குப் பஞ்சாயத்து டிவி முன்னால் கூட்டம், அந்த ஆட்டத்துக்குக் கொட்டகையில் பத்துப் பேர். கோயில் திருவிழாவுக்கு வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து விடிய விடிய மூன்று படம் ஓட்டினார்கள். 1993-இல் சன் டிவி, அப்புறம் கேபிள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இத்தோடு இன்னொரு காரணமும் உண்டு, இதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை: வீட்டு டிவியில் படம் பார்க்கப் பெண்கள் கண்மாய்க்கரை இருட்டுக்குப் போக வேண்டியதில்லை. கொட்டகையை முதலில் கைவிட்டது அவர்கள்தான், கைவிட அவர்களுக்கு நியாயமான காரணம் இருந்தது. பெண்கள் வராத கொட்டகைக்குப் பிள்ளைகள் வராது, வண்டியும் வராது, மிஞ்சியது இளவட்டம் மட்டும், கடைசி இரண்டு வருஷம் அங்கே எந்த மாதிரிப் படம் ஓடியது என்பதைக் குடும்பத்தார் படிக்கிற இடத்தில் எழுத விரும்பவில்லை.

மெஷினைப் பழைய இரும்பு எடைக்குப் போட்டார்கள் என்று கேள்வி. களம் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம், அதில் பெண்களுக்குக் கழிப்பறை நான்கு இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது, நான் விசாரித்துவிட்டேன்.

மொத்தமாக மார்க் போடச் சொன்னால் படத்துக்கு ஒன்று, சத்தத்துக்கு அரை, தீனிக்கு ஐந்து, முதலாளி நடந்துகொண்ட விதத்துக்கு ஐந்து, சராசரி பார்த்து ஐந்துக்கு மூன்று போட்டேன். மதுரையில் யாராவது வெட்டவெளியில் திரை கட்டிப் படம் காட்டுகிற யோசனையில் இருந்தால், பழைய ஞாபகம் என்று அரிக்கேன் விளக்கும் மாட்டுவண்டிச் சக்கரமும் வாசலில் மாட்டி வைக்காதீர்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து ஆட்ட நேரத்தை வையுங்கள், மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று டிக்கெட்டிலேயே அச்சடியுங்கள். இதை எழுதிவிட்டு அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். முறுக்கு வந்த இடத்தில் சிரித்தாள். மூன்று ஸ்டார் என்றதும், "யாருடைய மூணு? சுவத்துக்கு அங்கிட்டு உட்கார்ந்தவன் மூணு போடுவ. எங்க பக்கத்துக்கு ஒண்ணரைன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்: ஆண்கள் பக்கம் மூன்று, பெண்கள் பக்கம் ஒன்றரை.